மனநல ஒலிநூல்களைக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பதற்றம், தூக்கமின்மை, மனச்சோர்வு, பிரிவுத் துயரம் என்று ஏதோ ஒன்று ஆளைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது இரண்டு பக்கம் படிப்பதே பெரும்பாடு. வரிகள் கண்ணில் படும், மனதில் நிற்காது. அந்த நேரத்தில் நிதானமான குரல் ஒன்று காதோரம் பேசினால் ஆறுதலாக இருக்கும். எனக்கு ஒலிநூல் பழக்கம் அப்படித்தான் வந்தது. ஆனால் எதைக் கேட்பது, எவ்வளவு செலவழிப்பது, கேட்டபின் என்ன செய்வது என்று சொல்லித்தர ஆள் கிடைக்கவில்லை. தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அச்சுப் புத்தகம் நமக்காகக் காத்திருக்கும். ஒலி காத்திருக்காது. ஒரு பயிற்சியைச் சொல்லி முடித்த அடுத்த நொடியே அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடும். இந்த ஓட்டத்தை நிறுத்தி, கேட்டதைச் செய்து பார்ப்பதற்காகத்தான் கீழே உள்ள படிகள் பெரும்பாலும்.

1. ஒலிநூல் போதுமா என்று முதலில் பாருங்கள்

மனச்சோர்வை அளக்க பிஎச்க்யூ-9 என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. மருத்துவர்களே பயன்படுத்துவது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும், தமிழிலும் உண்டு. கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம், பசி, ஆர்வம், களைப்பு போன்றவை எப்படி இருந்தன என்று 9 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பதற்றத்துக்கு இதேபோல் ஜிஏடி-7, மொத்தம் 21. ஐந்து நிமிட வேலை. இரண்டையும் ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு வையுங்கள். பின்னால் இந்தத் தாள் பல இடங்களில் உதவும்.

பிஎச்க்யூவில் 5 முதல் 9 வரை என்றால் லேசான அளவு. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒலிநூலைத் துணைக்கு வைத்துக்கொண்டு மருத்துவரையும் பாருங்கள். 9ஆவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் 0 தவிர வேறு எந்த எண் வந்தாலும், மொத்த மதிப்பெண் குறைவாகவே இருந்தாலும், ஒலிநூலை ஒதுக்கிவைத்துவிட்டு இன்றே ஒரு மனிதரிடம் பேசுங்கள்.

இந்தியாவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' மனநல சேவை என்ற பெயரில் இயங்குவதும் இந்த எண்தான். மருத்துவ உதவி எண்ணான 104க்கும் அழைக்கலாம். சென்னையில் உள்ள தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் எண் 044-24640050. இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767. தேவை இல்லை என்று தோன்றினாலும் ஒன்றைக் கைப்பேசியில் இப்போதே சேமித்துவிடுங்கள். தேவைப்படும் நேரத்தில் தேடும் தெம்பு இருக்காது.

இல்லாத குரல் கேட்பது, பல நாள் தூங்காமலே சுறுசுறுப்பாக இருப்பது, சாப்பாடு அறவே இறங்காமல் போவது, பிள்ளை பெற்றபின் வரும் கடும் சோர்வு, இவையெல்லாம் நேராக மருத்துவரிடம் போகவேண்டியவை. புத்தகம் கேட்டுச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

2. ஒரு சிக்கல், ஒரு நூல்

'மனசு சரியில்லை' என்று தேடினால் கடல்போல் வந்து கொட்டும். தூக்கமா, திடீர்ப் பதற்றமா, எதிலும் ஆர்வமில்லாமல் படுத்தே கிடப்பதா, இறந்தவரின் நினைவா? இப்போது அதிகம் தொல்லை தருவதை ஒரு வரியில் எழுதுங்கள். அதற்கான நூல் மட்டும் போதும். அது முடியும்வரை இன்னொன்றை இறக்காதீர்கள்.

3. நூலைத் தேர்ந்தெடுப்பது

அதிகம் ஏமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தமிழில் 'தன்னம்பிக்கை' என்ற பெயரில் வரும் ஒலிநூல்களில் பெரும்பகுதி ஊக்கப்பேச்சு. ஆழ்மனத்தின் சக்தி, ஈர்ப்பு விதி, நினைத்தது நடக்கும் என்ற வகை. நன்றாக இருக்கும் ஒருவருக்கு அவை உற்சாகம் தரலாம். மனச்சோர்வில் இருப்பவருக்கு அப்படி இல்லை. 'உன் எண்ணம்தான் உனக்கு இதை இழுத்து வந்தது' என்று கேட்டால், ஏற்கெனவே தன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கும் மனம் இன்னும் நொறுங்கும். நோய் வந்ததற்கு நோயாளியையே காரணமாக்கும் எந்த நூலையும் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை இவை. எழுதியவர் மனநல மருத்துவரா, மருத்துவ உளவியலாளரா? எந்தச் சிகிச்சை முறையின் அடிப்படையில் எழுதியிருக்கிறார்? அறிதல் நடத்தைச் சிகிச்சை எனப்படும் சிபிடி, ஏற்பும் உறுதியும் சார்ந்த ஏசிடி போன்றவை ஆய்வுகளில் சோதிக்கப்பட்டவை. பயிற்சிகள் இருக்கின்றனவா, வெறும் கதைகளா? எப்போது மருத்துவரிடம் போகவேண்டும் என்று நூல் சொல்கிறதா? நல்ல நூல் இதை முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடும்.

'21 நாளில் முழுக் குணம்' என்பது ஓர் எச்சரிக்கை மணி. 'மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள்' என்பது அதைவிடப் பெரிய மணி. மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே சில வாரம் ஆகும். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கக் கேடு, எரிச்சல், பதற்றம் என்று உடம்பு படுத்திவிடும். குறைப்பதோ நிறுத்துவதோ மருந்து எழுதிக்கொடுத்தவர் மேற்பார்வையில்தான்.

இன்னொரு பொறி, சுருக்கம். எட்டு மணி நேர நூலை அரை மணியில் சொல்லும் ஒலிப்பதிவுகள் செயலிகளிலும் யூடியூபிலும் குவிந்து கிடக்கின்றன. சுருக்கும்போது முதலில் வெட்டப்படுவது பயிற்சிகள்தான். கருத்து மட்டும் மிஞ்சும், கருத்தைக் கேட்டதால் மட்டும் தூக்கம் வந்துவிடாது. விவரப் பகுதியில் முழு நூலா, சுருக்கமா என்று பாருங்கள், மொத்த நேரத்தையும் பாருங்கள்.

ஆங்கிலம் கேட்கப் பழகியவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. இங்கிலாந்தில் ரீடிங் வெல் என்ற திட்டத்தில், நலத்துறை வல்லுநர்கள் பரிந்துரைத்த மனநல நூல்களின் பட்டியல் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். அந்தப் பட்டியலில் உள்ள நூலுக்கு ஒலி வடிவம் இருக்கிறதா என்று தேடினால் பாதி வேலை முடிந்தது.

கடைசியாக, குரல். மாதிரியை ஐந்து நிமிடமாவது கேளுங்கள். பல மணி நேரம் உங்கள் காதில் இருக்கப்போகிற குரல் அது. எழுத்து எவ்வளவு நன்றாக இருந்தாலும், குரல் எரிச்சலூட்டினால் விட்டுவிடுங்கள்.

4. எங்கே கிடைக்கும், எவ்வளவு ஆகும்

இலவசத்திலிருந்து தொடங்குங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட 'டூயிங் வாட் மேட்டர்ஸ் இன் டைம்ஸ் ஆஃப் ஸ்ட்ரெஸ்' என்ற படக் கையேடும் அதற்கான ஒலிப் பயிற்சிகளும் அதன் இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. ஐந்து பகுதிகள், நாளுக்குச் சில நிமிடங்கள் போதும். எளிய ஆங்கிலம். இந்தப் பழக்கம் தனக்கு ஒத்துவருமா என்று பார்க்க இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

தமிழ் மின்நூல் கையில் இருந்தால் கைப்பேசியையே படிக்க வைக்கலாம். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் போய், ஆக்சஸிபிலிட்டி பகுதியில் திரையில் உள்ள எழுத்தை வாசிக்கும் வசதியை இயக்கி, தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுங்கள். குரல் கொஞ்சம் இயந்திரத்தனமாக இருக்கும். விளக்கப் பகுதிகளுக்குப் பரவாயில்லை, மூச்சுப் பயிற்சிக்கு ஒத்துவராது. பக்கங்களைப் படமாக எடுத்து உருவாக்கிய பிடிஎஃப் என்றால் பெரும்பாலும் வாசிக்காது.

பார்வைக் குறைபாடு, வாசிப்பதில் சிரமம் தரும் டிஸ்லெக்சியா, புத்தகத்தைக் கையில் பிடிக்க முடியாத உடல்நிலை உள்ளவர்களுக்கு இந்தியாவில் சுகம்யா புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் இருக்கிறது. சேர்வதற்குக் குறைபாட்டுக்கான சான்று வேண்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை ஸ்கேன் செய்து தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் இருப்பவர்கள் தேசிய நூலக உறுப்பினராக இருந்தால் லிப்பி செயலியில் ஒலிநூல்களை இரவல் எடுக்கலாம். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உறுப்பினர் கட்டணம் கிடையாது. அமெரிக்கா, கனடா, இங்கிலாந்திலும் பல உள்ளூர் நூலகங்கள் லிப்பியில் இருக்கின்றன. நூலக அட்டை வேண்டும். பிரபலமான நூலுக்கு வரிசை நீளமாக இருக்கும் என்பதால் சேர்ந்த அன்றே முன்பதிவு செய்துவிடுங்கள்.

காசு கொடுத்து என்றால் ஆடிபிள் செயலி. நான் சேர்ந்தபோது மாதம் 199 ரூபாய், முதல் மாதம் இலவசம். மாதத்துக்கு ஒரு கிரெடிட், அதைக் கொடுத்து ஒரு நூல் எடுக்கலாம். சந்தாவை நிறுத்தினாலும் கிரெடிட் கொடுத்து வாங்கிய நூல் உங்களிடமே இருக்கும். மீதமுள்ள கிரெடிட்தான் போய்விடும், அதனால் முதலில் நூலை எடுத்துவிட்டு அப்புறம் நிறுத்துங்கள். அங்கே மனநலம் பற்றிக் கிடைப்பவை பெரும்பாலும் ஆங்கிலத்தில். குக்கூ எஃப்எம், ஸ்டோரிடெல் போன்றவற்றில் தமிழ் உண்டு. ஆனால் மூன்றாம் படியில் சொன்ன சல்லடையை அங்கே இன்னும் கவனமாகப் பயன்படுத்துங்கள்.

ஒரு நூலை ஒழுங்காகச் செய்து முடிக்க ஒன்றிரண்டு மாதம் ஆகும். ஆகவே வருடச் சந்தா வேண்டவே வேண்டாம், எவ்வளவு தள்ளுபடி காட்டினாலும் சரி.

5. பணம் கட்டும்போது

ஒரு செயலியில் ஒற்றை இலக்க ரூபாய்க்குச் 'சோதனைச் சந்தா' எடுத்தேன். பிடிக்காமல் செயலியை நீக்கிய பின்னும் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டிருந்தது. செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. சோதனைக்கு ஒப்புக்கொள்ளும்போதே யுபிஐ ஆட்டோபே, அதாவது தானாகப் பணம் எடுக்கும் அனுமதியும் சேர்ந்தே போய்விடுகிறது. 15,000 ரூபாய் வரையிலான தொகைக்கு ஒவ்வொரு முறையும் பின் எண் கேட்காது.

எனவே சேர்ந்த அன்றே இரண்டு வேலை செய்யுங்கள். கைப்பேசி நாட்காட்டியில், சோதனைக் காலம் முடிய இரண்டு நாள் முன்னதாக நினைவூட்டல் வையுங்கள். பிறகு உங்கள் யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதி எங்கே இருக்கிறது என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள், ரத்து செய்யும் பொத்தான் அங்கேதான். பிளே ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால் உங்கள் படத்தைத் தொட்டு, பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பகுதிக்குள் நிறுத்தவேண்டும். ஐபோனில் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டால் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் வரும். ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுக்க 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் வரவேண்டும். அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள்.

6. கைப்பேசியைத் தயார்செய்தல்

வைஃபை இருக்கும்போதே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். நடுத்தர ஒலித்தரத்தில், அதாவது 64 கிலோபிட்டில், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 29 எம்பி ஆகும். எட்டு மணி நேர நூலுக்குச் சுமார் 230 எம்பி ஆகும்.

யூடியூபில் கேட்பவர்கள் கவனிக்கவேண்டியது விளம்பரம். கண்ணை மூடி மூச்சைக் கவனித்துக்கொண்டிருக்கும்போது திடீரென உரத்த விளம்பரம் பாய்ந்தால், அடங்கிய படபடப்பு திரும்ப வந்துவிடும். தளர்வுப் பயிற்சிகளை மட்டுமாவது விளம்பரம் இல்லாத இடத்திலிருந்து எடுங்கள்.

கூட்டுக் குடும்பத்திலோ விடுதியிலோ இருப்பவர்களுக்கு அந்தரங்கம் பெரிய கவலை. புளூடூத் தானாகவே வீட்டு ஸ்பீக்கரிலோ காரிலோ இணைந்துகொள்ளும், கூடத்தில் எல்லாரும் கேட்பார்கள். கம்பி இயர்போன் பாதுகாப்பு. டிவியிலும் அதே யூடியூப் கணக்கு என்றால் நீங்கள் தேடியது அங்கேயும் வந்து நிற்கும், அதனால் தனிக் கணக்கு வையுங்கள். 'எந்நேரமும் காதில் மாட்டிக்கொண்டு' என்று வீட்டில் திட்டு விழுந்தால், 'தூக்கம் சரியில்லை, அதற்கு ஒரு பயிற்சி கேட்கிறேன்' என்று சொன்னால் போதும். அதற்கு மேல் விளக்கம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை.

7. கேட்கும் முறை

ஒரு அத்தியாயத்தை இரண்டு முறை கேளுங்கள். முதல் முறை பேருந்திலோ, சமைக்கும்போதோ, நடக்கும்போதோ, விஷயம் என்ன என்று தெரிந்துகொள்ள மட்டும். இரண்டாவது முறை உட்கார்ந்து, நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு. 'இதை எழுதிப் பாருங்கள்' என்று குரல் சொல்லும் நொடியில் நிறுத்துங்கள். எழுதி முடித்த பிறகுதான் மறுபடியும் ஓடவிட வேண்டும். இருபது நிமிட ஒலியைக் கேட்க நாற்பது நிமிடம் ஆனால் சரியாகச் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பல நூல்களுக்குப் பயிற்சித் தாள்கள் பிடிஎஃப்பாக இணைந்தே வரும். ஆடிபிளில் உங்கள் நூலகப் பகுதியில் இருக்கும். பலர் அதைத் திறப்பதே இல்லை. ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அச்செடுத்துக்கொள்ளுங்கள், திரையில் நிரப்புவதைவிடக் கையால் எழுதுவது எனக்கு நன்றாக வேலை செய்தது.

வேகத்தைக் கூட்டாதீர்கள். விளக்கப் பகுதியில் 1.25 வரை போகலாம். மூச்சு, தசைத் தளர்வு, உடலைக் கவனிக்கும் பயிற்சிகளில் 1க்கு மேல் கூடவே கூடாது. ஆங்கிலம் சிரமமாக இருந்தால் 0.9 வையுங்கள்.

வாரத்துக்கு ஒரு அத்தியாயம் போதும். கேட்ட பயிற்சியை அந்த வாரம் முழுக்கச் செய்ய வேண்டும். உதாரணமாக, மனச்சோர்வுக்கான நூல்களில் செயலூக்கம் பற்றிய பகுதி வரும். மனம் வந்தபின் செய்யலாம் என்று காத்திருக்காமல், சின்னச் செயலை முதலில் செய்துவிடுவது. குளிப்பது, பத்து நிமிடம் தெருவில் நடப்பது, ஒருவரிடம் பேசுவது. இதைக் கேட்கும்போது 'இவ்வளவுதானா' என்று தோன்றும். நோட்டில் நாள், நேரம், செய்யும் முன் மனநிலைக்கு 10க்கு எத்தனை, செய்தபின் எத்தனை என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். அந்த எண்களைப் பார்த்தபிறகுதான் எனக்கு நம்பிக்கையே வந்தது.

ஒரு ஆளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிகிச்சை வழிமுறைகளை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிமுறையில், கடுமையில்லாத மனச்சோர்வுக்கு முதலில் யோசிக்கச் சொல்வது சுய உதவிப் பயிற்சிதான். ஆனால் பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு, பொதுவாக 6 முதல் 8 அமர்வுகள். அப்படி ஒருவர் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. அக்காவோ நண்பரோ, வாரம் ஒருநாள் கால் மணி நேரம் 'இந்த வாரம் என்ன செய்தாய்?' என்று கேட்க ஒப்புக்கொண்டால் அதுவும் உதவிதான். சிகிச்சையாளருக்கு ஈடாகாது, பாதியில் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வார். அறிவுரை சொல்லாத ஆளாகப் பார்த்துக் கேளுங்கள்.

இரவுக்குத் தனி விதி. துயரம், பழைய காயம் பற்றிய அத்தியாயங்களைப் படுக்கையில் கேட்காதீர்கள், மூளை விழித்துக்கொள்ளும். படுக்கைக்கு ஏற்கெனவே பழகிய தளர்வுப் பயிற்சி மட்டும், அதுவும் ஸ்லீப் டைமர் 20 நிமிடம் வைத்து. வண்டி ஓட்டும்போது இயர்போனே வேண்டாம். தளர்வுப் பயிற்சியை ஓட்டும்போது போடுவது உயிருக்கே ஆபத்து. ஒலி அளவையும் குறைத்து வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம்.

8. கேட்கக் கேட்க மோசமானால்

சிலருக்குக் கண்ணை மூடி உடலைக் கவனிக்கச் சொன்னால் பழைய பயங்கரம் மேலே வரும். வன்முறை, விபத்து, போர் கண்டவர்களுக்கு இது நடக்கக்கூடும். 'தாங்கிக்கொண்டு தொடருங்கள்' என்று குரல் சொன்னாலும் கேட்காதீர்கள். ஒலியை நிறுத்துங்கள், கண்ணைத் திறங்கள், பாதத்தைத் தரையில் அழுத்துங்கள். கண்ணில் படும் ஐந்து பொருள், தொட முடிகிற நான்கு, காதில் விழும் மூன்று ஒலி, இரண்டு வாசனை, ஒரு சுவை என்று மெதுவாகப் பெயர் சொல்லுங்கள். அது மறுபடி மறுபடி நடந்தால் அந்தப் பயிற்சியைத் தனியாகச் செய்ய வேண்டாம், சிகிச்சையாளர் முன்னால் செய்யவேண்டியது அது.

திடீர்ப் பதற்றம் வரும் நேரத்தில் புது அத்தியாயம் தேடி ஓடாதீர்கள். நன்றாகப் பழகிய மூன்று நிமிடப் பயிற்சி ஒன்று, இணையம் இல்லாமலும் ஓடும்படி, முகப்புத் திரையிலேயே இருக்கட்டும்.

ஒவ்வொரு அத்தியாயத்திலும் விவரிக்கும் நோய் தனக்கே இருப்பதாகத் தோன்றுவதும் சகஜம். பெயர் சூட்டுவதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். நோட்டில் அறிகுறியை மட்டும் எழுதுங்கள்.

9. மதிப்பெண்ணைப் பார்த்து அடுத்த முடிவு

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிஎச்க்யூ-9ஐ மறுபடி நிரப்புங்கள். இறங்கினால் தொடருங்கள். ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் அசையவில்லை, அல்லது நடுவிலேயே ஏறுகிறது என்றால், இன்னொரு நூல் வாங்கும் நேரம் அல்ல அது. மருத்துவரைப் பார்க்கும் நேரம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. காலையிலேயே போய் ஓபி சீட்டு எடுங்கள். கூட்டம் இருக்கும், அரை நாள் விடுப்பு போட்டுக்கொள்வது நல்லது. கையில் இருக்க வேண்டியவை: ஆதார், மதிப்பெண் தாள்கள், பயிற்சி நோட்டு, இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளின் பெயர், சித்த, ஆயுர்வேத மருந்தும் சேர்த்து. சமீபத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவுகளும் வேண்டும். தைராய்டு குறைந்தாலும், வைட்டமின் பி12 குறைந்தாலும் சோர்வு இதே மாதிரிதான் தெரியும்.

தனியார் உளவியலாளரிடம் போவதென்றால், மருத்துவ உளவியலாளர் என்று சொல்பவரிடம் இந்திய மறுவாழ்வுக் கழகப் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. ஓர் அமர்வுக்கு எவ்வளவு, எத்தனை அமர்வு ஆகலாம் என்பதையும் முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உடல்நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும். ஆனால் பல பாலிசிகள் உள்நோயாளிச் செலவைத்தான் தருகின்றன, ஆலோசனைக் கட்டணம் கையிலிருந்து போகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் நோட்டை நீட்டி, 'இந்தப் பயிற்சியெல்லாம் செய்தேன், இது உதவியது, இது உதவவில்லை' என்று சொல்லுங்கள். அடுத்து எதைத் தொடரலாம், எதை நிறுத்தவேண்டும் என்பதை அவரே அதைப் பார்த்துச் சொல்வார்.